லேப்டாப்பைத் துடைத்துவிட்டு விண்டோஸைப் புதிதாக நிறுவுதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடைகளில் ‘ஓ.எஸ். போடுவது’ என்றும், வீடுகளில் ‘ஃபார்மட் அடிப்பது’ என்றும் சொல்லப்படும் வேலையைப் பற்றிய பக்கம் இது. விண்டோஸ் 10 அல்லது 11 உள்ள லேப்டாப்பில், டிஸ்க்கில் இருப்பதை முழுவதும் அழித்துவிட்டு, பென் டிரைவிலிருந்து இயங்குதளத்தை முதலிலிருந்து நிறுவுவதை மட்டுமே இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். எஸ்.எஸ்.டி. (சுழலும் பாகம் இல்லாத, வேகமான டிஸ்க்) உள்ள லேப்டாப்பில் நிறுவும் வேலை பெரும்பாலும் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்கு முன்பு செய்யவேண்டிய வேலைகளுக்குத்தான் ஒரு முழுநாளை ஒதுக்க வேண்டியிருக்கும். பதில்களின் நீளமும் அதற்கேற்பவே அமைந்திருக்கிறது.

விண்டோஸிலேயே ‘ரீசெட்’ வசதி இருக்கும்போது பென் டிரைவ் எதற்கு?

ரீசெட் என்பது, உள்ளே இருக்கும் விண்டோஸே தன்னைத் தானே திரும்பக் கட்டிக்கொள்ளும் ஏற்பாடு. சாதாரணக் கோளாறுகளுக்கு அது போதும். ஆனால் தயாரிப்பு நிறுவனம் முதலிலேயே திணித்து அனுப்பிய சோதனைக்கால ஆன்டிவைரஸ் போன்றவை ரீசெட்டுக்குப் பிறகும் திரும்பி வந்து உட்கார்ந்துவிடுவதுண்டு. வைரஸ் புகுந்த கணினியிலோ, ரீசெட்டுக்குத் தேவையான மீட்புப் பகுதியே கெட்டுப்போன கணினியிலோ, ரீசெட் பாதியில் நின்றுவிடுவதும் உண்டு. பென் டிரைவிலிருந்து நிறுவும்போது பழைய விண்டோஸ் இயங்கவே இல்லை என்பதால், அதன் நோய் எதுவும் புதியதில் தொற்றிக்கொள்ள வழியில்லை.

இரண்டுக்கும் முன்னால் முயன்று பார்க்க வேண்டிய மூன்றாவது வழி ஒன்றும் இருக்கிறது. அண்மைக்கால விண்டோஸ் 11 பதிப்புகளின் செட்டிங்ஸில், ‘ரிகவரி’ பக்கத்தில், விண்டோஸ் அப்டேட் மூலம் இயங்குதளத்தை மறுபடி நிறுவும் பொத்தான் இருக்கும். கோப்புகளும் மென்பொருள்களும் இருந்த இடத்திலேயே இருக்க, விண்டோஸின் உறுப்புகள் மட்டும் புதிதாகும். அப்டேட் ஏறவில்லை, ஸ்டார்ட் மெனு திறக்கவில்லை என்பது போன்ற தொல்லைகள் பல இதிலேயே சரியாகிவிடுகின்றன.

லேப்டாப் மிகவும் மெதுவாக இருக்கிறது. ஃபார்மட் அடித்தால் வேகம் வருமா?

சில மாதங்களுக்கு வரும். காரணம் வேறு இடத்தில் இருந்தால், பழைய நிலையும் அதன் பின்னாலேயே வந்துவிடும். சுழலும் ஹார்ட் டிஸ்க்கும் 4 ஜி.பி. ரேமும் உள்ள லேப்டாப்பை எத்தனை முறை துடைத்தாலும் அது ஓடாது, எஸ்.எஸ்.டி. மாற்றி, ரேமையும் கூட்டிவிட்டு, அந்தப் புதிய எஸ்.எஸ்.டி.யில் விண்டோஸை நிறுவுவதுதான் பொருள் உள்ள செலவு. அப்படிச் செய்வதில் இன்னொரு நன்மை, பழைய டிஸ்க் எதுவும் அழியாமல் கையில் இருப்பது.

கோப்பை நகலெடுக்கும்போது பாதியில் உறைவது, டிஸ்க்கிலிருந்து ‘டக் டக்’ என்ற ஒலி வருவது, அடிக்கடி நீலத்திரை தோன்றுவது ஆகியவை டிஸ்க்கோ ரேமோ சாகத் தொடங்கியதன் அறிகுறிகளாக இருக்கலாம். அந்த நிலையில் முதல் வேலை கோப்புகளை வெளியே எடுப்பது; நிறுவுவதைப் பிறகு யோசிக்கலாம். விசிறித் துளையில் தூசி அடைத்துச் சூடேறும் லேப்டாப்புக்கும் ஃபார்மட் மருந்து ஆகாது. வைரஸ் தாக்கியது, கிராக் (உரிமப் பூட்டை உடைத்த திருட்டு) மென்பொருள்களால் குழம்பியது, பழைய லேப்டாப்பை வாங்கியது, டிஸ்க்கை மாற்றியது ஆகிய நான்கு சூழல்களில் மட்டும் நான் தயங்காமல் முழுவதும் துடைத்து நிறுவச் சொல்வேன்.

என்னிடம் இருப்பது விண்டோஸ் 10. அதையே மறுபடி போடலாமா, 11 போடவேண்டுமா?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. வீட்டுப் பயனாளர்களுக்கான நீட்டிப்புத் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு 2026 அக்டோபர் வரை பாதுகாப்பு அப்டேட்கள் உண்டு. ஆகவே, இத்தனை மெனக்கெட்டுப் புதிதாக நிறுவும்போது, லேப்டாப் தாங்குமானால் 11-ஐப் போடுவதே சரி.

தாங்குமா என்பதற்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் அளவுகோல் இது: 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. இடம், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு, நம்பகமான இயங்குதளத்தை மட்டும் எழவிடும் செக்யூர் பூட் வசதி, இன்டெல் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸர். ரேம் கணக்கு வெறும் ஏட்டுக் கணக்கு, 8 ஜி.பி. இல்லாமல் விண்டோஸ் 11-ல் வேலை பார்க்க முடியாது என்பது என் அனுபவம். டி.பி.எம். பல லேப்டாப்களில் இருந்தும் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே எழும் அடிப்படை அமைப்பில்) அணைத்து வைக்கப்பட்டிருக்கும், அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இந்தச் சோதனைகளைத் தாண்டிச் செல்லும்படி பென் டிரைவைத் தயாரிக்க ரூஃபஸ் போன்ற மென்பொருள்கள் வழி தருகின்றன. நிறுவல் நடக்கும், ஆனால் அடுத்த பெரிய பதிப்பு தானாக வரும் என்று எதிர்பார்க்க முடியாது. தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு இலவசமாக வழங்கிய லேப்டாப்களின் முதல் சில ஆண்டு மாடல்கள் இன்னும் பல வீடுகளில் கிடக்கின்றன. அவற்றைப் போன்ற பழைய இயந்திரங்களில் வலிந்து விண்டோஸ் 11-ஐ ஏற்றுவதைவிட, லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் ஒன்றைப் போட்டு, பிரவுசருக்கும் கடிதம் தட்டச்சு செய்வதற்கும் வைத்துக்கொள்வது நல்லது.

விண்டோஸ் கீ என்னிடம் இல்லை. மறுபடியும் காசு கொடுக்க வேண்டுமா?

விண்டோஸ் 8 வந்த 2012-க்குப் பிறகு, விண்டோஸுடன் விற்கப்பட்ட லேப்டாப் என்றால் பெரும்பாலும் வேண்டியதில்லை. கீ, அதாவது விண்டோஸின் உரிமக் குறியீடு, மதர்போர்டில் உள்ள சில்லிலேயே பதிந்திருக்கும். நிறுவும் மென்பொருள் தானாகவே அதைப் படித்துக்கொள்ளும். விண்டோஸ் 10 அல்லது 11 முன்பே முறையாக ஆக்டிவேட் ஆகியிருந்தால் (உரிமம் சரிபார்க்கப்பட்டிருந்தால்), அந்த மதர்போர்டின் பேரில் மைக்ரோசாஃப்டிடம் டிஜிட்டல் உரிமமும் பதிவாகியிருக்கும். நிறுவும்போது கீ கேட்டால், ‘என்னிடம் கீ இல்லை’ என்று பொருள்படும் வரியைத் தட்டிவிட்டு மேலே போகலாம். இணையம் கிடைத்ததும் ஆக்டிவேஷன் தானே நடந்துவிடும்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. முன்பு இருந்தது ஹோம் பதிப்பு என்றால் இப்போதும் ஹோம் பதிப்பையே தேர்ந்தெடுக்க வேண்டும். கடைகளில் பழக்கதோஷத்தில் எல்லாருக்கும் ப்ரோ பதிப்பைப் போட்டுவிடுகிறார்கள். உரிமம் ஹோமுக்கு என்பதால் ஆக்டிவேட் ஆகாது. பிறகு கிராக் ஒன்றையும் சேர்த்துப் போட்டு அனுப்புகிறார்கள். காசு கொடுத்து வாங்கிய உரிமம் சில்லுக்குள் சும்மா கிடக்க, லேப்டாப் திருட்டு விண்டோஸில் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே துடைப்பதற்கு முன்பே செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து, எந்தப் பதிப்பு, ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா என்பதைக் கைபேசியில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

எம்.எஸ். ஆஃபீஸ் கதை வேறு. லேப்டாப்புடன் வந்த ஆஃபீஸ் உரிமம், முதன்முதலில் அதைத் திறந்தபோது எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கால் நுழைந்தீர்களோ, அந்தக் கணக்குடன் ஒட்டியிருக்கும். அது கடைக்காரர் அவசரத்தில் உருவாக்கிய கணக்காக இருந்து, பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாமல் போனால், ஆஃபீஸ் கைவிட்டுப் போகும். துடைப்பதற்கு முன்பே அந்தக் கணக்கில் நுழைந்து பார்த்துவிட வேண்டும்.

பேக்கப்பாக எதையெல்லாம் எடுத்து வைக்க வேண்டும்? ‘டி’ டிரைவில் வைத்தால் போதாதா?

போதாது. ‘சி’, ‘டி’ என்று இரண்டு டிரைவ்கள் தெரிந்தாலும் பெரும்பாலான லேப்டாப்களில் அவை ஒரே டிஸ்க்கின் இரண்டு தடுப்புகள்தான் (பார்ட்டிஷன்கள்). ஒரே பெட்டிக்குள் அட்டை வைத்துப் பிரித்தது போல. இதை நான் கற்றுக்கொண்டது பிறர் காசில். சித்தப்பாவின் லேப்டாப்பைத் துடைக்க உட்கார்ந்தபோது, எல்லாவற்றையும் எடுத்து வைத்தாயிற்றா என்று கேட்டேன். ‘எல்லாம் பத்திரமாக இருக்கிறது’ என்றார். பத்திரமாக இருந்த இடம் ‘டி’ டிரைவ் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நிறுவல் திரையில் ‘டி’ என்ற எழுத்தெல்லாம் தெரியாது. ‘டிஸ்க் 0 பார்ட்டிஷன் 4’ என்று மொட்டையாக ஒரு வரி இருந்தது, அதையும் அழித்தேன். அது சுழலும் ஹார்ட் டிஸ்க்காக இருந்ததாலும், அவர் சத்தம் போட்டதும் நான் லேப்டாப்பை அணைத்துவிட்டதாலும், டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டி, ஃபோட்டோரெக் என்ற இலவசக் கருவியால் அவருடைய பேத்தியின் காதுகுத்துப் படங்கள் பெரும்பாலானவற்றை மீட்டோம். பெயரெல்லாம் போய், வெறும் எண்களுடன் ஆயிரக்கணக்கில் வந்தன. எஸ்.எஸ்.டி.யாக இருந்திருந்தால் அதுவும் கிடைத்திருக்காது. அழிக்கப்பட்ட இடத்தை டிரிம் என்னும் ஏற்பாடு உடனுக்குடன் காலிசெய்துவிடும்.

எனவே பேக்கப் என்பது கேபிளைப் பிடுங்கி மேசை டிராயரில் வைக்கக்கூடிய வெளி டிஸ்க்கில் இருக்க வேண்டும். விலைமதிப்பற்ற படங்களுக்கும் ஆவணங்களுக்கும் இரண்டாவது நகல் ஒன்று வேறிடத்தில் இருப்பது நல்லது. எடுத்து முடித்ததும் அந்த டிஸ்க்கை வேறொரு கணினியில் செருகி, அங்கங்கே சில கோப்புகளைத் திறந்து பாருங்கள். நகலெடுத்தது முடிந்ததாகச் சொல்லிவிட்டு, திறக்காத கோப்புகளை நான் பார்த்திருக்கிறேன்.

டாகுமென்ட்ஸ், பிக்சர்ஸ் ஆகியவற்றை எல்லாரும் எடுத்துவிடுகிறார்கள். தவறிப்போவது டெஸ்க்டாப்பும் டவுன்லோட்ஸும்தான், பலருடைய உண்மையான அலமாரி அந்த இரண்டும்தான். ஒன்டிரைவ் இயங்கும் லேப்டாப்பில் இன்னொரு பொறி இருக்கிறது: பெயருக்குப் பக்கத்தில் மேகப் படம் தெரியும் கோப்பு உங்கள் டிஸ்க்கில் இல்லை, பெயர்ப்பலகை மட்டுமே இருக்கிறது. அவை ஒன்டிரைவ் தளத்தில் உண்மையிலேயே இருக்கின்றனவா என்று பிரவுசரில் நுழைந்து உறுதிசெய்ய வேண்டும். குரோம், எட்ஜ் ஆகியவற்றின் புக்மார்க்குகளும் பாஸ்வேர்டுகளும் கணக்குடன் ஒத்திசைந்திருக்கின்றனவா என்று பார்த்து, இல்லையென்றால் ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள். அவுட்லுக்கில் மின்னஞ்சலை இறக்கி வைத்திருப்பவர்கள் அதன் பி.எஸ்.டி. கோப்பைத் தேடி எடுக்க வேண்டும்.

கணக்கு வேலை பார்ப்பவர்கள் டேலியின் டேட்டா கோப்புறை எங்கே இருக்கிறது என்பதை டேலிக்குள்ளேயே, நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் திரையில் பார்த்துக்கொள்ளலாம். கோப்புறையை நகலெடுப்பதோடு டேலியின் சொந்த பேக்கப் வசதியிலும் ஒன்று எடுத்துவிடுவது என் வழக்கம். டிஜிட்டல் கையொப்ப டோக்கன் வைத்திருப்பவர்கள் பயப்பட வேண்டாம். சான்றிதழ் அந்த யு.எஸ்.பி. டோக்கனுக்குள்ளேயே இருக்கிறது. அதன் டிரைவரையும் (சாதனத்தை விண்டோஸுடன் பேசவைக்கும் மென்பொருள்), ஜி.எஸ்.டி. தளத்துக்கான எம்சைனர் மென்பொருளையும் மறுபடி நிறுவினால் போதும்.

பழைய தமிழ் எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் நிறைய இருக்கின்றன. அவற்றுக்குத் தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா?

கட்டாயம் செய்ய வேண்டும். கல்யாணப் பத்திரிகை அச்சடிப்பவர்கள், பதிப்பகத்தார், பத்திர எழுத்தர்கள் ஆகியோரிடம் பாமினி, வானவில் போன்ற, யூனிகோடு (எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துமுறை) அல்லாத எழுத்துருக்களில் ஆண்டுக்கணக்கான கோப்புகள் இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பு திறக்கும், ஆனால் ‘அம்மா’ இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அடைப்புக்குறிகளும் தாறுமாறாகத் தெரியும். தகவல் எதுவும் அழியவில்லை, எழுத்துருதான் இல்லை. துடைப்பதற்கு முன் விண்டோஸ் கோப்புறைக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் கோப்புறை முழுவதையும் வெளி டிஸ்க்கில் நகலெடுத்துவிடுங்கள். எந்த எழுத்துரு எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் நினைவிருக்காது. சில எழுத்துருக்கள் இன்று தேடினாலும் கிடைப்பதில்லை. அவற்றுடன் வந்த விசைப்பலகை மென்பொருளின் நிறுவல் கோப்பும் உரிமக் குறியீடும் இருந்தால் அவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

யூனிகோடில் தட்டச்சு செய்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. தமிழ் 99, அஞ்சல் இரண்டு விசைப்பலகைகளும் இப்போது விண்டோஸிலேயே இருக்கின்றன. மொழிப் பகுதியில் தமிழைச் சேர்த்து, வேண்டிய விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

பிட்லாக்கர் என்று ஏதோ கேட்கிறது. அது என்ன?

டிஸ்க்கில் உள்ளதைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டி வைக்கும் வசதி. பல புதிய லேப்டாப்களில், மைக்ரோசாஃப்ட் கணக்கால் நுழைந்த உடனேயே, உங்களைக் கேட்காமலே இது இயங்கத் தொடங்கியிருக்கும். பயாஸில் எதையாவது மாற்றினால், மறுமுறை திறக்கும்போது 48 இலக்கங்கள் கொண்ட மீட்புக் குறியீட்டைக் கேட்டு வாசலிலேயே நிறுத்திவிடும். பேக்கப் எடுப்பதற்கு முன்பே பயாஸில் கைவைத்தவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

குறியீடு பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில், சாதனங்களின் பக்கத்தில் சேமிக்கப்பட்டிருக்கும். எதையும் தொடுவதற்கு முன் அதைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்க் முழுவதையும் அழிக்கப்போகிறவருக்கு அழிப்பதற்காக அந்தக் குறியீடு தேவைப்படாது. ஆனால் ‘டி’ பகுதியை மட்டும் விட்டுவைப்பதாக இருந்தால், புதிய விண்டோஸிலிருந்து அதைத் திறக்கக் கேட்கும். நிறுவி முடித்த பிறகு புதிய விண்டோஸும் டிஸ்க்கைப் பூட்டக்கூடும், அப்போது குறியீடும் புதியது. பழைய காகிதம் உதவாது.

பென் டிரைவை எப்படித் தயாரிப்பது?

8 ஜி.பி. அல்லது அதற்கு மேற்பட்ட பென் டிரைவ் ஒன்றும், நன்றாக ஓடும் விண்டோஸ் கணினி ஒன்றும் வேண்டும். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை இறக்கி ஓடவிட்டால், அதுவே விண்டோஸை இறக்கிப் பென் டிரைவில் எழுதிவிடும். பல ஜி.பி. இறங்கும் என்பதால் கைபேசி டேட்டாவை நம்பி இதில் இறங்க வேண்டாம். பென் டிரைவில் முன்பு இருந்த எல்லாம் அழிந்துவிடும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

ஐ.எஸ்.ஓ. கோப்பை (விண்டோஸ் நிறுவல் முழுவதும் ஒரே கோப்பாக அடங்கியது) இறக்கி அதைப் பென் டிரைவில் அப்படியே இழுத்துப் போட்டால் வேலைக்கு ஆகாது. பென் டிரைவ் ஃபேட்32 அமைப்பில் இருந்தால் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை அது ஏற்காது, விண்டோஸின் முதன்மைக் கோப்போ பெரும்பாலும் அதைவிடப் பெரியது. ஐ.எஸ்.ஓ.தான் கையில் இருக்கிறது என்றால் ரூஃபஸைப் பயன்படுத்துங்கள். யாரோ மாற்றியமைத்து, ‘மிக இலகுவானது’ என்று சொல்லிப் பரப்பும் விண்டோஸ் கோப்புகளை ஒருபோதும் தொடாதீர்கள். உள்ளே என்ன சேர்த்திருக்கிறார்கள் என்பது அவர்களுக்கு மட்டுமே தெரியும்.

இதே பென் டிரைவில் ஒரு கோப்புறை உருவாக்கி, லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து உங்கள் மாடலுக்கான வைஃபை டிரைவரையும், இன்டெல் லேப்டாப் என்றால் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரையும் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்பது கீழே வருகிறது.

பென் டிரைவைச் செருகினாலும் பழைய விண்டோஸே திறக்கிறது. என்ன செய்வது?

லேப்டாப்பை இயக்கியதும் பூட் மெனு (எதிலிருந்து எழுவது என்று கேட்கும் பட்டியல்) விசையை அடுத்தடுத்துப் பலமுறை தட்ட வேண்டும். டெல், லெனோவோ லேப்டாப்களில் பெரும்பாலும் எஃப்12, எச்.பி.யில் எஃப்9, ஆசூஸில் எஸ்கேப். ஏசரிலும் எஃப்12தான், ஆனால் பல மாடல்களில் பயாஸுக்குள் போய் அந்த மெனுவை முதலில் இயக்கிவிட வேண்டும். இந்தத் தட்டல் விளையாட்டு சரிப்படவில்லை என்றால், விண்டோஸுக்குள் இருந்தபடியே ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். நீலத் திரையில் வரும் பட்டியலில் ‘யூஸ் எ டிவைஸ்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால் பென் டிரைவ் தெரியும்.

டிஸ்க்குகளின் பட்டியல் காலியாக இருக்கிறது. டிஸ்க் கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து பல லேப்டாப்களில், எஸ்.எஸ்.டி.யைக் கையாளும் வி.எம்.டி. என்ற அமைப்பு இயங்குகிறது. அதற்கான டிரைவர் நிறுவல் பென் டிரைவில் இல்லையென்றால் எஸ்.எஸ்.டி. கண்ணில் படாது. மேலே எடுத்து வைக்கச் சொன்ன ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவர் இதற்குத்தான். ‘லோட் டிரைவர்’ என்பதைத் தட்டி அந்தக் கோப்புறையைக் காட்டினால் டிஸ்க் தெரிந்துவிடும். இ.எக்ஸ்.இ. கோப்பாக இறங்கியிருந்தால் முன்கூட்டியே பிரித்து வைத்திருக்க வேண்டும். பயாஸில் வி.எம்.டி.யை அணைத்தாலும் டிஸ்க் தெரியும், ஆனால் அணைத்த பிறகு பழைய விண்டோஸ் திறக்காது. பேக்கப் முடிந்தவர்கள் மட்டும் அதைச் செய்யலாம்.

இதே கட்டத்தில் சில லேப்டாப்களில் டச்பேடும் அசையாது. யு.எஸ்.பி. மவுஸ் ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

எந்தப் பார்ட்டிஷனை அழிப்பது?

இதுவரை செய்தது எல்லாவற்றையும் திரும்பப் பெறலாம், இந்தத் திரையைத் தாண்டினால் பெற முடியாது. ஆகவே கையை எடுத்துவிட்டுப் பட்டியலை ஒருமுறை முழுவதும் படியுங்கள்.

டிஸ்க்குகளைப் பெயரால் அல்லாமல் அளவால் அடையாளம் காண வேண்டும். கணக்கிடும் முறை வேறுபடுவதால், 256 ஜி.பி. என்று விற்றது ஏறத்தாழ 238 ஆகவும், 512 என்று விற்றது 476 ஆகவும், 1 டி.பி. என்று விற்றது 931 ஆகவும் தெரியும். பதினான்கு ஜி.பி.க்குச் சற்று மேலாக ஒன்று தெரிந்தால் அது நீங்கள் செருகியிருக்கும் 16 ஜி.பி. பென் டிரைவ். பேக்கப் எடுத்த வெளி டிஸ்க் இந்தப் பட்டியலில் தெரியவே கூடாது. தெரிந்தால் இப்போதே பிடுங்குங்கள். எஸ்.எஸ்.டி.யும் ஹார்ட் டிஸ்க்கும் இரண்டும் உள்ள லேப்டாப்களில் டிஸ்க் 0 எது, டிஸ்க் 1 எது என்பதற்கு விதி எதுவும் இல்லை, அளவுதான் சாட்சி.

நிறுவப்போகும் டிஸ்க்கில் 100 அல்லது 260 எம்.பி.யில் ஒரு சிஸ்டம் பகுதி, 16 எம்.பி.யில் ஒன்று, பெரிய முதன்மைப் பகுதி, கடைசியில் ரிகவரி என்று பல வரிகள் இருக்கும். அந்த ஒரு டிஸ்க்கின் எல்லாப் பகுதிகளையும் ஒவ்வொன்றாக அழித்து, ‘ஒதுக்கப்படாத இடம்’ என்று பொருள்படும் ஒரே வரியாக ஆக்கிவிட்டு, அதைத் தேர்ந்தெடுத்து மேலே போனால் போதும். தேவையான சிறு பகுதிகளை விண்டோஸே உருவாக்கிக்கொள்ளும். டிஸ்க்கில் எம்.பி.ஆர். என்னும் பழைய வகைப் பார்ட்டிஷன் அட்டவணை இருப்பதால் நிறுவ முடியாது என்ற பழைய லேப்டாப்களின் புகாரும் இப்படி முழுவதும் அழித்தால் தீர்ந்துவிடும். சிஸ்டம் பகுதியை மட்டும் பழையதாக விட்டுவைத்துச் சிக்கனம் பிடிப்பவர்கள், பிறகு லேப்டாப்பைத் திறக்கும்போதெல்லாம் இரண்டு விண்டோஸ்களின் பெயரைப் பார்த்துக் குழம்புகிறார்கள்.

ஒருமுறை ரீஸ்டார்ட் ஆனதும் நிறுவல் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறதே?

லேப்டாப் மீண்டும் பென் டிரைவிலிருந்து எழுந்திருக்கிறது. அணைத்துவிட்டுப் பென் டிரைவைப் பிடுங்கி இயக்குங்கள். விட்ட இடத்திலிருந்து தொடரும். சார்ஜரைச் செருகி வைத்துக்கொண்டு செய்தால் நடுவில் மின்சாரம் போனாலும் பேட்டரி தாங்கும்.

வைஃபை தெரியவில்லை. இணையம் இல்லாமல் மேலே போக விடமாட்டேன் என்கிறது.

விண்டோஸ் 11 தொடக்க அமைப்பின்போது இணையத்தையும் மைக்ரோசாஃப்ட் கணக்கையும் கேட்கிறது. உங்கள் வைஃபை சில்லுக்கான டிரைவர் அதனிடம் இல்லையென்றால் சிக்கல்தான். எளிய வழி, ஆண்ட்ராய்டு கைபேசியைக் கேபிளால் இணைத்து யு.எஸ்.பி. டெதரிங்கை இயக்குவது. பெரும்பாலும் டிரைவர் எதுவும் இல்லாமலே இணையம் வந்துவிடும். புதிய பதிப்புகளில் அந்தத் திரையிலேயே டிரைவரை நிறுவும் பொத்தானும் இருக்கிறது. பென் டிரைவில் வைத்த வைஃபை டிரைவரை அங்கே காட்டலாம். கணக்கைத் தவிர்க்கும் குறுக்குவழிகளை மைக்ரோசாஃப்ட் ஒவ்வொன்றாக அடைத்து வருவதால், அவற்றை நம்பித் திட்டமிட வேண்டாம்.

நிறுவிய பிறகு முதலில் என்ன செய்ய வேண்டும்?

விண்டோஸ் அப்டேட்டை, புதிதாக எதுவும் இல்லை என்று அது சொல்லும்வரை, ரீஸ்டார்ட் செய்து செய்து ஓடவிடுங்கள். டிரைவர்களில் பெரும்பாலானவை அதன் வழியாகவே வந்துவிடும். அதன் பிறகும் டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறி எஞ்சியிருந்தால், லேப்டாப்பின் அடியில் ஒட்டியிருக்கும் வரிசை எண்ணைக் கொண்டு தயாரிப்பு நிறுவனத்தின் தளத்தில் தேடுங்கள். டிரைவர்களைத் தானாகத் தேடித் தருவதாக விளம்பரம் செய்யும் மென்பொருள்கள் வேண்டாம்; இப்போதுதான் துடைத்த வீட்டுக்குள் சேற்றுக் காலோடு யாரையும் விடாதீர்கள். விண்டோஸிலேயே டிஃபெண்டர் இருப்பதால் தனி ஆன்டிவைரஸும் வீட்டுப் பயன்பாட்டுக்கு அவசியமில்லை.

பேக்கப் டிஸ்க்கில் உள்ளதைத் திரும்பக் கொண்டுவந்த பிறகும், இரண்டு மாதத்துக்கு அதை அழிக்க வேண்டாம். ஏதோ ஒரு கோப்பு விட்டுப்போனது வருமான வரி தாக்கல் நேரத்தில்தான் நினைவுக்கு வரும்.

கடையில் கொடுத்துச் செய்தால் என்ன?

தவறில்லை. ஆனால் பேக்கப்பை நீங்களே எடுத்துவிட்டுக் கொடுங்கள். வாங்கும்போது ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்து, முன்பு எடுத்து வைத்த படத்தில் உள்ள அதே பதிப்பு, ஆக்டிவேட் ஆன நிலையில் இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். கேட்காமலே ஆஃபீஸும் ஃபோட்டோஷாப்பும் போட்டுத் தந்திருந்தால், அவை கிராக் என்று எடுத்துக்கொண்டு நீக்கச் சொல்லுங்கள்.

தயாரித்த பென் டிரைவைப் பிறகு அழித்துவிடலாமா?

வைத்திருங்கள். லேப்டாப் திறக்காமல் போகும் நாளில், அதிலிருந்து எழுப்பி, நிறுவாமலே பழுதுபார்க்கும் பகுதிக்குள் நுழையலாம். பலமுறை அங்கேயே வேலை முடிந்துவிடும். தயாரித்த மாதத்தையும் ஆண்டையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அதன்மேல் ஒட்டிவிடுங்கள். வீட்டில் யாராவது பாட்டு ஏற்றிக்கொள்ள எடுத்துப் போகாமல் இருக்க, ‘அழிக்காதே’ என்பதையும் சேர்த்து எழுதுவது என் வழக்கம்.